மூன்றாம் நம்பர் வண்டி ஏன் நின்றது

போன மாதம் ஓய்வு பெற்றவர்களைக் கம்பெனிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். சாப்பாடு போட்டார்கள். புதுசாகச் செய்யும் மின்சாரக் காரைக் காட்டினார்கள். ஒரு என்ஜினியர் பெண் ஸ்டியரிங்குக்கு அடியில் ஒரு வயரைச் சொருகினாள். லேப்டாப்பில் வரிசையாக எழுத்து வந்தது. பின்னால் இடது சக்கரத்தில் ஏதோ ஒன்று வேலை செய்யவில்லையாம். வண்டியே சொல்லிவிட்டது.

"இது இல்லாம நீங்க எப்படி அங்கிள் கண்டுபிடிச்சீங்க? எழுதிக் குடுங்க. எங்க பத்திரிகைல போடறோம்" என்றாள்.

எனக்கு எழுத வராது என்றேன்.

"லாக் ஷீட் எழுதினீங்க இல்ல? அது மாதிரி எழுதுங்க."

அது மாதிரியேதான் எழுதுகிறேன்.

என் பேர் ஏழுமலை. வீடு ஜீவனஹள்ளி. படிப்பு எட்டாவது வரைக்கும். அப்புறம் லாரி ஷெட்டில் வேலை. கிரீஸ் அடித்தேன், ஸ்பிரிங் பட்டை மாற்றினேன், என்ஜின் இறக்கினேன். லைசென்ஸ் எடுத்து ஏழு வருஷம் வேன் ஓட்டினேன். கார் செய்கிறார்கள், ஓட்டிப் பார்க்க ஆள் வேண்டுமாம் என்று கேள்விப்பட்டுப் போனேன். எடுத்துக்கொண்டார்கள்.

அப்போது கம்பெனி என்றால் ஒயிட்ஃபீல்டு போகிற ரோட்டில் ஒரு தகரக் கொட்டகை. முப்பது பேர் இருந்தோம். காருக்குப் பேர் கிடையாது. ஒன்று, இரண்டு, மூன்று என்று நம்பர்தான். கலர் கிடையாது, சாம்பல் பிரைமர் மட்டும். பெட்ரோல் முள் கிடையாது. டேங்க் மூடியைத் திறந்து, கோடு போட்ட மரக்குச்சியை விட்டுப் பார்க்க வேண்டும். ஆளுக்குப் பதில் சீட்டில் மணல் மூட்டை. மூட்டை சாயாமல் இருக்க பெல்ட்டைப் போட்டுவிடுவோம்.

டின் ஃபேக்டரி கிட்ட ஒரு போலீஸ்காரர் நிறுத்தினார். சிவப்பு நம்பர் பலகையைப் பார்த்தார். உள்ளே பார்த்தார்.

"யாருதப்பா இந்த வண்டி?"

"இன்னும் யாருதும் இல்ல சார். செய்யறாங்க."

"மூட்டைக்கு எல்லாம் பெல்ட் போட்டிருக்கே. நீ போடலியே?"

அன்றிலிருந்து போட்டேன்.

எங்கள் மேலே ஹெக்டே சார். கன்னடக்காரர். எங்களுக்காகத் தமிழ் பேசுவார், நடுவில் கன்னடம் வந்துவிடும். ஒல்லியான ஆள். அரைக்கைச் சட்டை. காதில் பென்சில். சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. வண்டி உள்ளே வந்ததும் பக்கத்தில் வந்து நிற்பார். நான் இறங்கித் தண்ணீர் குடிக்கும் வரைக்கும் ஒன்றும் கேட்கமாட்டார். குடித்து முடித்ததும் பென்சிலை எடுப்பார்.

"ஹேளு, சொல்லு. எத்தனாவது கிலோமீட்டர்?"

சொல்வேன்.

"எந்த கியர்? என்னா கேட்டுச்சு? என்னா வாசனை? கையில என்னா தெரிஞ்சுது?"

இந்த வரிசை மாறாது. ஒரு நாள் நான், "கிளட்ச் தேஞ்சிருக்கும்னு நினைக்கிறேன் சார்" என்றேன். பென்சிலைத் திரும்பக் காதில் வைத்துவிட்டார்.

"நினைக்கறது பேடா, வேண்டாம். அது என் வேலை. உனக்கு என்னா கேட்டுச்சோ அத மட்டும் சொல்லு."

இன்னொன்றும் சொல்வார். பழுதைப் பார்த்த உடனே கை வைக்கக் கூடாது. இன்னொரு தடவை வரவழைத்துப் பார்க்க வேண்டும். "வான்னா வரணும், போன்னா போகணும். அப்பதான் பிடிச்சோம்னு அர்த்தம்."

ரெண்டாம் நம்பர் வண்டியில் பின்பக்கம் ஒரு டொக் டொக் சத்தம். மூணு நாள் தேடினோம். பின்னால் இருந்ததை எல்லாம் கழற்றி மாட்டினோம். கடைசியில் சீட்டுக்கு அடியில் என் சாப்பாட்டுக் கரண்டி. ஹெக்டே சார் சிரிக்கவில்லை. பழுதான பார்ட்ஸுக்குக் கட்டுகிற மாதிரி அந்தக் கரண்டியிலும் ஒரு துண்டுச் சீட்டைக் கட்டினார். அதில் கிலோமீட்டர், கியர் எல்லாம் எழுதி என் கையில் கொடுத்தார். ஷெட்டில் ஒரு வாரம் எனக்குக் கரண்டி என்றுதான் பேர்.

இனி மூன்றாம் நம்பர் வண்டி.

அதற்கு என்ஜின் கட்டியவன் ஆரோக்கியசாமி. விவேக் நகர் ஆள். நான் லாரி ஷெட்டில் இருந்தபோதே பழக்கம். கார்புரேட்டர் வேலையில் அவனைப் போல் கை சுத்தமான ஆளை நான் பார்த்ததில்லை. பெரிய ஃபேக்டரி ஒன்றில் பெர்மனன்ட்டாக இருந்தான். இங்கே ஆள் வேண்டும் என்று நான்தான் போய்க் கூப்பிட்டேன். அவன் பெண்சாதி வேண்டாம் என்றது. "புதுசா காரு செய்யறாங்க, நீ கட்டினது ஓடும் பாரு" என்று நான்தான் பேசினேன். அந்த வேலையை விட்டு வந்தான். திரும்பிப் போக முடியாது.

ஆயுத பூஜை முடிந்து மூணாம் நாள், கோலார் ரோட்டில் மூன்றாம் நம்பர் முதல் தடவை நின்றது. ஓடிக்கொண்டே இருந்தது. ரெண்டு முறை குலுங்கியது. நின்றுவிட்டது.

ரோட்டில் நின்றால் என்ன செய்வது என்று ஹெக்டே சார் ஒரு அட்டையில் டைப் அடித்து வண்டியில் மாட்டியிருந்தார். முதலில் டேங்க்கில் குச்சி விட்டு பெட்ரோல் பார். அடுத்தது பிளக்கைக் கழற்றிப் பொறி பார். அடுத்தது கார்புரேட்டருக்குப் போகிற டியூப்பைக் கழற்றி, செல்ஃப் அடித்து, பெட்ரோல் வருகிறதா பார். நான் அந்த வரிசையில் பார்த்தேன். பெட்ரோல் இருந்தது. பொறி இருந்தது. டியூப்பில் பெட்ரோல் வந்தது. எல்லாம் சரி. மாட்டிவிட்டுச் சாவி போட்டேன். ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆனது.

மறுநாளும் நின்றது. அதற்கு அடுத்த நாளும் நின்றது. ஒரு நாள் இருபதாவது கிலோமீட்டரில், ஒரு நாள் அறுபதில். ஒவ்வொரு தடவையும் அட்டையில் உள்ளபடி பார்ப்பேன். ஒவ்வொரு தடவையும் எல்லாம் சரியாக இருக்கும். வண்டி கிளம்பிவிடும்.

ஹெக்டே சார் முதலில் சூடு என்றார். என்ஜின் சூட்டில் டியூப்புக்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகி அடைத்துக்கொள்ளும், ஆறினால் சரியாகிவிடும். டியூப்பை என்ஜினுக்குத் தள்ளி மாற்றினோம். தகரம் வைத்து மறைத்தோம். அப்புறமும் நின்றது. மழை பெய்து ஓய்ந்து, ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஓட்டிய நாளிலும் நின்றது. சூடு இல்லை என்று ஒதுக்கிவிட்டார். பொறி கொடுக்கிற காயில் மாற்றினோம். பம்பு மாற்றினோம். ஃபில்டர் மாற்றினோம். மாற்றாமல் மிச்சம் இருந்தது கார்புரேட்டர் ஒன்றுதான். அது ஆரோக்கியம் கட்டியது.

அவன் கழற்றினான், சுத்தம் செய்தான், மாட்டினான். நான் ஓட்டினேன். நின்றது. திரும்பக் கழற்றினான்.

"ஏண்டா, உண்மையாவே நிக்குதா? இல்ல டீக் கடையப் பாத்தா நிறுத்திட்றியா?" என்று கேட்டான். முதல் வாரம் சிரித்துக்கொண்டே கேட்டான். ரெண்டாவது வாரம் சிரிக்காமல் கேட்டான். மூணாவது வாரம் கேட்கவே இல்லை.

வண்டியைத் திங்கள்கிழமை கவர்மென்ட் டெஸ்டுக்கு அனுப்ப வேண்டும். முதலாளி பொறுமை இழந்துவிட்டார். வெளியிலிருந்து வேறு ஃபிட்டரைக் கொண்டு வரச் சொன்னார். வியாழக்கிழமை சாயந்திரம் ஹெக்டே சார் ஆரோக்கியத்தின் மேஜைக்கு வந்தார். நான் பக்கத்தில் இருந்தேன்.

"சனிக்கிழமையோட நீ நின்னுக்கோ ஆரோக்கியசாமி. மேல இருந்து சொல்லிட்டாங்க. நானும் பேசிப் பாத்தேன்."

"என் தப்பு என்னான்னு சொல்லுங்க சார். திருத்திக்கறேன்."

"அது தெரியல. தெரிஞ்சா திருத்தியிருப்போம் இல்ல? மிச்ச எல்லாம் பாத்தாச்சு."

ஆரோக்கியம் தலையை ஆட்டினான். ஹெக்டே சார் போன பிறகு என்னைப் பார்த்து, "வீட்ல இன்னும் சொல்லல. நீயும் சொல்லாத" என்றான். நான் கூப்பிட்டு வந்த ஆள்.

வெள்ளிக்கிழமை காலையில் டேங்க்கை நிரப்பிக்கொண்டு கிளம்பினேன். ஹொஸ்கோட்டை தாண்டினதும் நல்ல மழை. இருபத்தி ரெண்டாவது கிலோமீட்டரில் குலுங்கியது. ஓரம் கட்டினேன். நின்றது.

அட்டையில் முதல் வேலை டேங்க்கைத் திறப்பது. அந்த மழையில் திறந்தால் தண்ணீர் உள்ளே போகும். சரி, விடட்டும் என்று உள்ளேயே உட்கார்ந்துவிட்டேன். பத்து நிமிஷம் கழித்துச் சாவி போட்டேன். ஸ்டார்ட் ஆகவில்லை. இருபது நிமிஷம். ஆகவில்லை. முக்கால் மணி நேரம் ஆனது. என்ஜின் மேல் கை வைத்தால் ஜில்லென்று இருக்கிறது. அப்பவும் ஆகவில்லை. மற்ற நாள் எல்லாம் பத்து நிமிஷத்தில் கிளம்பின வண்டி.

மற்ற நாள் செய்ததில் இன்றைக்கு எதைச் செய்யவில்லை என்று யோசித்தேன். ஒன்றுமே செய்யவில்லை. சும்மாதான் உட்கார்ந்திருந்தேன்.

மழை விட்டது. ரோட்டில் லாரி ஒன்றும் இல்லை. அமைதியாக இருந்தது. இறங்கிப் போய் டேங்க் மூடியைத் திருகினேன். உஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்தது. அடியில் டேங்க் தகரம் டங்கென்று வெளியே வந்தது. அதுவரைக்கும் உள்பக்கம் ஒடுங்கியிருந்திருக்கிறது.

பிளக்கைத் தொடவில்லை. டியூப்பைத் தொடவில்லை. நேராகப் போய்ச் சாவி போட்டேன். ரெண்டாவது சுற்றில் ஸ்டார்ட் ஆனது.

அப்புறம் மூடியைக் கையில் எடுத்துப் பார்த்தேன். ஒண்ணு, ரெண்டு வண்டிகளுக்கு வேறு கம்பெனி மூடி. மூணாம் நம்பருக்கு மட்டும் எங்கள் ஷெட்டிலேயே லேத்தில் கடைந்த மூடி. அதன் நடுவில் ஊசி போகிற அளவு ஒரு ஓட்டை உண்டு. பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று போக வேண்டும் இல்லையா, அதற்கு. அந்த ஓட்டையைக் காணோம். மேலே செம்மண் புழுதி. மழை பட்ட இடத்தில் புழுதி கரைந்து மஞ்சளாகத் தெரிந்தது. நகத்தால் சுரண்டினேன். சந்தனம். அதன் மேல் குங்குமம்.

வைத்தது நான்தான். ஆயுத பூஜைக்கு வருஷா வருஷம் சந்தனக் கிண்ணம் என் கையில்தான் இருக்கும். பானெட், நாலு சக்கரம், ஸ்டியரிங், டிக்கி என்று எல்லாவற்றுக்கும் வைத்தேன். பெட்ரோல்தானே வண்டிக்குச் சோறு என்று அந்த மூடிக்கும் வைத்தேன். பொட்டு என்றால் நடுவில்தான் வைப்போம். நடுவில்தான் ஓட்டை.

வழியை அடைத்துவிட்டு, பம்பு இழுக்கிறது இழுக்கிறது என்றால் எவ்வளவுதான் இழுக்கும்? டேங்க் நிறைய இருந்த நாளில் உள்ளே காற்று கொஞ்சம், சீக்கிரம் நின்றது. பாதி டேங்க்கில் கிளம்பிய நாளில் காற்று நிறைய, தூரம் போய் நின்றது. நின்றதும் அட்டையில் முதலில் எழுதியிருந்தது மூடியைத் திற என்று. நானே திறந்து நானே சரி செய்துவிட்டு, பழுது எங்கே என்று என்ஜினில் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த உஸ் சத்தம் எனக்குப் புதுசு இல்லை. முன்னாடி ரெண்டு தடவை லாரி இரைச்சலுக்கு நடுவில் லேசாகக் கேட்டிருக்கிறது. வெயிலில் கிடக்கிற பெட்ரோல் கேனைத் திறந்தால் உஸ்ஸென்று வருமே, அதுதான் என்று நினைத்து எழுதாமல் விட்டேன். கேட்டதை எழுது என்றுதான் சார் சொல்லியிருந்தார். நான் நினைத்ததை வைத்துக்கொண்டு கேட்டதை விட்டுவிட்டேன்.

ரோட்டு ஓரத்தில் நின்று ஒரு பீடி குடித்தேன். ஒரு குண்டூசி போதும். குத்தி எடுத்துவிட்டுப் போனால் வண்டி ஓடும். யாருக்கும் தெரியாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை புது ஃபிட்டர் வருவான், அவன் கை பட்டதும் வண்டி சரியாகிவிட்டது என்பார்கள். ஆரோக்கியத்தின் பேர் அப்படியே போய்விடும். பீடியைப் போட்டு மிதித்தேன். மூடியை அப்படியே சந்தனத்தோடு மாட்டினேன்.

வான்னா வர வேண்டும். அதனால் கோலார் பக்கம் ஓட்டினேன். நின்றது. மூடியை மட்டும் திறந்து மூடினேன். கிளம்பியது. போன்னா போக வேண்டும். அதனால் மூடியைச் சும்மா ஒரு சுற்றுத் தளர்த்தி வைத்துக்கொண்டு திரும்பினேன். கோலாரிலிருந்து ஷெட் வரைக்கும் ஒரு குலுக்கல் இல்லை. வழியில் டீ குடிக்கக்கூட நிறுத்தவில்லை.

ஹெக்டே சார் வந்து நின்றார். தண்ணீர் குடித்தேன். பென்சிலை எடுத்தார்.

"ஹேளு."

எல்லாம் சொன்னேன். கிலோமீட்டர், மழை, முக்கால் மணி நேரம், உஸ் சத்தம், டங் சத்தம். முன்னாடி ரெண்டு தடவை கேட்டு எழுதாமல் விட்டதையும் சொன்னேன். மூடியைக் கொடுத்தேன். அவர் அதைத் திருப்பி வாயில் வைத்து ஊதிப் பார்த்தார். காற்று போகவில்லை. மறுபக்கம் வைத்து ஊதினார். உதட்டில் குங்குமம் ஒட்டிக்கொண்டது. துடைக்கவில்லை.

"யாரு வெச்சது?"

"நான்தான் சார்."

லாக் ஷீட்டை என் பக்கம் தள்ளினார்.

"பரி."

"என்னான்னு எழுதறது சார்?"

"நீ செஞ்சத எழுது."

'டேங்க் மூடி ஓட்டையில் சந்தனம் வைத்து அடைத்தது ஏழுமலை. கார்புரேட்டரில் பழுது இல்லை' என்று எழுதினேன். எனக்கும் சனிக்கிழமையோடு சரி என்றுதான் இருந்தேன். அவர் வாங்கிப் படித்தார். அதற்குக் கீழே இங்கிலீஷில் நாலு வரி எழுதினார். என்ன சார் என்று கேட்டேன்.

"மூடிய மாத்தணும்னு எழுதினேன். ஓட்டை மேல இருக்கக் கூடாது, உள்பக்கம் போகணும்."

"சந்தனம் வைக்காம இருந்தா போதுமே சார்."

"நீ வெக்காம இருப்பே. நாளைக்கு வாங்கறவன்? பூஜைக்குப் பொட்டு வெக்காத வண்டி இந்த ஊர்ல இருக்கா? வெப்பான். வெச்சா ஓடணும். அதான் வண்டி." பென்சிலைக் காதில் வைத்தார். "முதலாளிகிட்ட நான் பேசறேன். ஆரோக்கியசாமிகிட்ட நீயே போய்ச் சொல்லு. அது என் வேலை இல்ல."

ஆரோக்கியம் ஷெட் கடைசியில் இருந்தான். அவன் மேஜைக்கு மேலே சுவரில் ஒரு பலகை. ஒவ்வொரு ஸ்பானருக்கும் ஒரு ஆணி, பின்னால் அதன் உருவம் வெள்ளை பெயிண்டில். அவனே வரைந்தது. ஸ்பானர் எல்லாம் அவனுடைய சொந்தம். பெட்டிக்குள் எடுத்து வைத்துக்கொண்டிருந்தான். பலகையில் வெள்ளை உருவங்கள் மட்டும் இருந்தன.

நின்றுகொண்டே சொன்னேன். பாதியில் நிறுத்தினால் மிச்சம் வராது என்று ஒரே மூச்சில் சொன்னேன். அவன் பெட்டியைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"எத்தனை தடவ கழட்டினேன் தெரியுமா?"

"தெரியல."

"பதினொண்ணு. என் கை மேலயே எனக்குச் சந்தேகம் வந்துடுச்சுடா. ராத்திரி எழுந்து உக்காந்து, கார்புரேட்டர்ல ஃப்ளோட்ட எந்தப் பக்கம் போட்டேன்னு யோசிக்கிறேன். பெண்சாதி பயந்து, மந்திரிக்கணும்னு சொல்லுது."

ஒரு ஸ்பானரைத் துணியில் துடைத்துப் பெட்டியில் போட்டான்.

"லாக் ஷீட்ல எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்."

"உன் பேரப் போட்டா?"

"ஆமா."

"எழுத்துப் பிழை இல்லாம எழுதினியா, எட்டாங் கிளாஸ்?"

அவன் முகத்தில் சிரிப்பு இன்னும் வரவில்லை. ஆனால் குரலில் வந்துவிட்டது. ஹெக்டே சார் தூரத்தில் கதவு கிட்ட வந்து நின்று, "ஆரோக்கியசாமி, முதலாளிகிட்ட பேசிட்டேன், நீ இரு. நாளைக்கு மூடி கடையணும், சீக்கிரம் வா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

ஆரோக்கியம் பெட்டியைத் திருப்பி என் பக்கம் தள்ளினான்.

"உன்னாலதானே இறக்கினேன். எடுத்துக் குடு."

நான் ஒவ்வொரு ஸ்பானராக எடுத்துக் கொடுத்தேன். அவன் வெள்ளை உருவம் பார்த்து, அதனதன் ஆணியில் மாட்டினான். சின்னதிலிருந்து பெரிசு வரைக்கும் இருபத்தாறு. ஒன்றைத் தப்பாகக் கொடுத்தேன். திட்டினான். திட்டு வாங்கிக்கொண்டு சரியானதை எடுத்துக் கொடுத்தேன். பலகை நிறைந்த பிறகுதான் ரெண்டு பேரும் வீட்டுக்குக் கிளம்பினோம்.